மரியாதையாக மிதந்த களிம்பு

“9-1-1987, வெள்ளி. மாதிரி ஒன்று மிதந்தது. மாதிரி இரண்டு மிதந்து கரைந்தது. மாதிரி மூன்று (மேனேஜர் வீட்டு அம்மா அவர்கள் கொடுத்தது) மரியாதையாக மிதந்தது. மூன்றும் தள்ளுபடி.”

நாகலூர்ப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் ஒன்றில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த ஆரோக்கியசாமி எழுதிய குறிப்பு இது. கார்பன் வைத்து எடுத்த நகல் ஒன்றை எனக்கும் கொடுத்தார். என் நாட்குறிப்பில் இதே சம்பவம் சனிக்கிழமைப் பக்கத்தில் இருக்கிறது. நான் மறுநாள் உட்கார்ந்து எழுதும் பழக்கம் உள்ளவள். ரைட்டர் நின்ற இடத்திலேயே எழுதுகிறவர். ஆகவே அவர் தேதியையே எடுத்துக்கொள்கிறேன்.

மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் புதிதாக நிற்க வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். இன்று ஒருவர் முகத்துக்குப் பூசும் கிரீம் கேட்டால், டப்பாவைத் திருப்பிப் பார்க்கிறீர்கள். பொடி எழுத்தில் இருபது பெயர்கள் இருக்கின்றன. எது அதிகமோ அது முதலில், எது துளியோ அது கடைசியில். முன்பக்கம் படமாகப் போட்டிருக்கும் பூ, பின்பக்கப் பட்டியலில் வாசனைக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்பதை நீங்கள் காட்டிக்கொடுக்கலாம். இரண்டு டப்பாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விலைதான் வேறு, உள்ளே இருப்பது ஒன்றேதான் என்று சொல்லலாம். நான் ஏற்காடு பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தபோது, என் கைக்கு வந்த டப்பாக்களில் பெரும்பாலானவற்றில் பட்டியலே கிடையாது. ‘தூய்மையானது, மணமானது, உயர்குடிப் பெண்களின் தேர்வு’ என்று இருக்கும். உயர்குடிப் பெண்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை நாங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. கரண்டியில் கொஞ்சம் எடுத்துச் சூடாக்கினால், தண்ணீர் கலந்தது சடசடவென்று வெடிக்கும். கிளிசரினை நாக்கில் வைத்தால் இனிக்கும். பெட்ரோலியம் ஜெல்லி காகிதத்தில் வைத்த கறை என்றைக்கும் காயாது. ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு இருந்தால், மழையில் நனைந்த ஆடு கடைக்குள் வந்து நின்றது போல வாடை வரும். இவ்வளவும் கல்லூரியில் படித்ததுதான். இதையெல்லாம் நம்புகிறவர் எதிரில் இருக்க வேண்டும் என்பதைத்தான் கல்லூரியில் யாரும் சொல்லவில்லை.

அந்த வருஷம் மார்கழியில் காற்று வறண்டு கிடந்தது. பழம் எடுக்கும் பெண்களின் விரல்கள் பனியில் நனைந்து, காப்பிப் பழத்தின் பிசினில் ஒட்டி, வெயிலில் காய்ந்து, கணுவுக்குக் கணு வெடித்தன. கிளையில் கை வைக்க முடியாமல் பாதிப் பழத்தைச் செடியிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். செடியில் பழம் நிற்பதைப் பார்த்த மேனேஜர், எல்லோருக்கும் கைக்குப் பூச ஒரு களிம்பு வாங்கிக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தார். எதை வாங்குவது என்று தேர்ந்தெடுக்க மூன்று பேர் கொண்ட கமிட்டி. ரைட்டர் ஆரோக்கியசாமி, பெண்கள் பக்கம் மேஸ்திரியாக இருந்த பாவாயி அக்கா, மருந்துக்கடையிலிருந்து நான்.

இதில் உண்மையாகவே மாட்டிக்கொண்டிருந்தவள் புஷ்பம். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. புருஷன் மணி நிழல் மரங்களில் கிளை கழிக்கிறவர். மணியின் அண்ணன் குடும்பம் இருந்த, எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டிலேயே, நடுவில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு இவர்களும் இருந்தார்கள். அறுவடையில் பழம் எடுத்து முடித்தவர்களுக்குத்தான் நிரந்தரப் பதிவில் பெயர். பெயர் ஏறினால்தான் தனியாக ஓர் அறை. புஷ்பத்தின் பத்து விரலும் வெடித்துப்போய், பழம் எடுப்பதிலிருந்து மாற்றிக் களத்தில் காப்பி கிளறிவிட வைத்திருந்தார்கள்.

“அறுவடை முடியறதுக்குள்ள மறுபடியும் இடுப்புல கூடை கட்டிப் பழமெடுக்க வந்துட்டான்னா பேரு ஏத்தீரலாமுங்க. இல்லீன்னா அடுத்த வருசந்தான்” என்று ரைட்டர் சொன்னார். 

புஷ்பம் சிரித்துக்கொண்டே, “இன்னொரு வருசம் அந்தச் சேலை தாங்காதுங்க்கா. இப்பவே அந்தப்பக்கம் தெரியுது” என்றாள்.

கமிட்டியின் முன் வந்தவை மூன்று மாதிரிகள். முதலாவது, நான் கடையில் கலந்தது. ஆட்டு ரோமக் கொழுப்பு, பெட்ரோலியம் ஜெல்லி, தேன்மெழுகு. மூன்றே பொருள். தண்ணீரில் நனைந்து வேலை செய்யும் கைக்கு, உள்ளே இருக்கும் ஈரத்தைப் பூட்டி வைக்கிற பொருள் வேண்டும் என்பது என் கணக்கு. பார்க்க மஞ்சளாக, முகர்ந்தால் ஆட்டுக் கொட்டகையாக இருந்தது. இரண்டாவது, சேலத்திலிருந்து வந்த ஒரு விற்பனையாளரின் ஸ்நோ என்னும் முகப்பூச்சு. வெள்ளை வெளேர் என்று, நுரை போல, பூசிய இடமே தெரியாமல் மறையும். மறைவதற்குக் காரணம், அதில் பெரும்பங்கு தண்ணீர். மூன்றாவது, மேனேஜர் வீட்டு அம்மா தன் அலமாரியிலிருந்து கொடுத்தனுப்பிய ரோஜா வாசனைக் கோல்டு கிரீம், கண்ணாடிக் குப்பியில். 

எங்கள் முதலாளி சேலத்துக்காரர். ஏற்காட்டில் வெயில் அடித்தாலும் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக் குல்லாவும் வைத்துக்கொள்வார். என் களிம்பை முகர்ந்து பார்த்துவிட்டுக் குல்லாவை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார். “ஏம்மா, இதுக்குக் கொஞ்சம் சென்ட் போடக்கூடாதா?” என்றார். வெடித்த தோலில் சென்ட் எரியும் என்றேன். “எரிஞ்சா மருந்து வேலை செய்யுதுன்னு நெனைப்பாங்கம்மா” என்றார். வியாபாரம் தெரிந்தவர்.

பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் இயந்திரம் இருக்கும் கொட்டகையில் கமிட்டி கூடியது. நான் கரண்டி, மெழுகுவத்தி, வெள்ளைக் காகிதம் எல்லாம் கொண்டுபோயிருந்தேன். பாவாயி அக்கா அவற்றைப் பார்த்துவிட்டு, “சோறாக்கப் போறயா அம்மிணி?” என்று கேட்டார்.

“இதுகள்ல என்னென்ன கலந்திருக்குன்னு பாக்கோணுமுங்க்கா.”

“அதுக்கு எதுக்குக் கரண்டி? தொட்டி இருக்குதல்லொ?”

புதிதாக வந்த நீங்கள் காப்பித் தோட்டம் பார்த்திருக்க மாட்டீர்கள். எடுத்து வந்த பழத்தை முதலில் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவார்கள். கனமான நல்ல பழம் முங்கும். பூச்சி அரித்ததும், உள்ளே பருப்பு இல்லாததும் மிதக்கும். மிதப்பதை வாரி ஒதுக்குவார்கள். அந்த மலையில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. யார் கூடையில் மிதவை அதிகமோ, அவள் அன்று முழுக்க மற்றவர்களின் வாயில் விழுந்து எழ வேண்டும். அந்தத் தொட்டியின் ஓரத்திலேயே நின்று வளர்ந்தவர் பாவாயி அக்கா. முங்கினால் நல்ல சரக்கு, மிதந்தால் சொத்தை. களிம்புக்கு மட்டும் தனிச் சட்டமா?

“அக்கா, எண்ணெய்ச் சரக்கு எதுவா இருந்தாலும் தண்ணியில மிதக்குமுங்க. அது அதோட குணம்” என்றேன்.

“சொத்தைப் பழத்துக்கு வாய் இருந்தா அதும் இதையேதான் சொல்லும் கண்ணு.”

கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். ரைட்டர் பேனாவைத் திறந்தார். என் களிம்பின் உருண்டை முதலில் போனது. ஆடு நீந்துவது போல அசைந்து அசைந்து மிதந்தது. ஸ்நோ மிதந்தது, பிறகு உடைந்து தண்ணீரைப் பாலாக்கியது. “கரைஞ்சே போச்சு, இதுக்கு உசுரே இல்ல” என்றது ஒரு குரல். மூன்றாவதாக ரோஜா கிரீம், தீவு போல நடுத்தொட்டியில் நின்றது.

“ஐயோ, மேனேஜர் ஊட்டம்மா கிரீமும் சொத்தைடி!”

ரைட்டரின் பேனா அந்தரத்தில் நின்றது. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு பையன், ஓய்வு பெற ஆறேழு வருஷம். அவர் கண்ணை மூடி யோசித்ததை நான் பார்த்தேன். பிறகு எழுதியதுதான் நீங்கள் முதலில் படித்தது.

அந்தக் குறிப்போடு நானும் பஸ் ஏறினேன். எனக்குக் கோபம். என் படிப்பை ஒரு பழத்தொட்டி தோற்கடித்துவிட்டது என்ற கோபம். ஆனால் பஸ் ஏற்காடு வந்து சேர்வதற்குள் ஒன்று புரிந்தது. அவர்கள் என்னை ஏமாற்றவில்லை. தங்களுக்குத் தெரிந்த மிக நேர்மையான சோதனையைத்தான் செய்தார்கள். பழத்துக்குப் பொருந்துவது பூச்சுக்குப் பொருந்தாது என்பதை, அவர்கள் நம்பும் இடத்திலிருந்துதான் காட்ட வேண்டும். எந்த இடம் என்பதுதான் தெரியவில்லை.

பொங்கல் கழிந்ததும் விற்பனையாளர் திரும்பி வந்தார். தொட்டிக் கதை சேலம் வரை இறங்கிப் போயிருக்கிறது. கையில் புது டப்பா.

“கம்பெனியில ஃபார்முலாவையே மாத்திட்டாங்க. நம்ம எஸ்டேட் சகோதரிகளுக்காகவே ஸ்பெஷலா” என்றார்.

தொட்டியில் ஓர் உருண்டை போட்டார். கல் விழுந்த மாதிரி நேராக அடியில் போய் உட்கார்ந்தது. கொட்டகையே கைதட்டியது. ரைட்டர் ‘முங்கியது’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். மல்லிகை வாசனை வேறு. பாவாயி அக்கா தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, “சரக்குன்னா இதுதான்” என்றார்.

என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதே ஸ்நோவில் ஏதோ கனமான வெள்ளைப் பொடியைப் பிசைந்திருக்கிறார். சுண்ணாம்புக் கல்லோ, முகப்பவுடருக்கு அரைக்கும் கல்லோ, எதுவாகவும் இருக்கலாம். அது எதுவென்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. அந்தப் பொடி, வெடித்த தோலில் மிச்சம் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். புஷ்பம் முன்வரிசையில் நின்று, துணி சுற்றிய விரல்களைப் பிடித்துக்கொண்டு அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதைப் பூசினால் அவள் இந்த வருஷம் கூடை கட்டப் போவதில்லை.

மெழுகுவத்தியை ஏற்றி, கரண்டியில் அவருடைய சரக்கை உருக்கினேன். வெடித்துப் பொரிந்து அடங்கியபின், மேலே ஒரு சொட்டு எண்ணெய், கீழே வெள்ளைச் சேறு. கரண்டியை எல்லோருக்கும் காட்டினேன்.

“பாருங்க. அடியில இருக்கறது பூரா பொடி.”

“அதுதானுங்க சத்து” என்றார் விற்பனையாளர், கொஞ்சமும் அசராமல்.

“எங்க ஊட்டு நெய்யைக் காச்சினாலும்தான் அடியில கசடு தங்குது. அதுக்காவ நெய் கெட்டதா?” என்றார் பாவாயி அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்கும் கேட்கும்படி, “உம்பட பண்டமும் போட்டியில இருக்குது. நீயே மார்க்குப் போட்டா எப்படி அம்மிணி?” என்றார்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் அவர் சொன்னது சரி. இந்த இடத்தில் நான் வேதியியலில் ஒரு பாடம் நடத்தியிருக்கலாம். நடத்தியிருந்தால் அந்த டப்பா அன்றே வாங்கப்பட்டிருக்கும். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும், பிள்ளைகளே. உங்களிடம் இருப்பது உண்மையாக இருக்கும். எதிரில் இருப்பவர்களுக்கு அதைச் சரிபார்க்க வழி இருக்காது. அப்போது குரலை உயர்த்தாதீர்கள். சோதனையை அவர்கள் கைக்கே மாற்றிவிடுங்கள்.

“சரிங்க்கா. நான் மார்க்குப் போடலீங்க. தண்ணிக்கா பூசப் போறோம்? தோலுக்குத்தானே. தோலே சொல்லட்டும்” என்றேன்.

ரைட்டருக்கு இது பிடித்துவிட்டது. உடனே திட்டம் போட்டார். “புஷ்பத்துக்கு எடது கையில இந்தப் பூ மருந்து, வலது கையில அந்த ஆட்டு மருந்து. ஒரு வாரம் களிச்சுப் பாத்துப் பதிவு பண்ணிக்கலாமுங்க.” விற்பனையாளரும் ஒப்புக்கொண்டார். தொட்டியில் ஜெயித்தவருக்குப் பயம் ஏது?

புஷ்பத்தின் இடது உள்ளங்கையில் மல்லிகைக் களிம்பு வைத்தார்கள். வலது உள்ளங்கையில் என்னுடையது. எல்லோரும் மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். புஷ்பம் இரண்டு கையையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, கையில் களிம்பு வைத்தால் உலகத்தில் யாரும் என்ன செய்வார்களோ அதைச் செய்தாள். இரண்டு கையையும் சேர்த்து நன்றாகத் தேய்த்துவிட்டாள்.

“ஐயோ!” என்றார் ரைட்டர்.

“என்னுங்க?” என்றாள் புஷ்பம், தேய்த்துக்கொண்டே.

மல்லிகைப் பூ சூடிய ஆடு ஒன்று கொட்டகைக்குள் நடந்தது போல வாசனை எழுந்தது. ரைட்டர் எழுதத் தொடங்கியிருந்த தாளைக் கிழித்தார். நாங்கள் மூன்று பேர், இரண்டு பேர் படித்தவர்கள், ஒருவருக்குமே இது தோன்றவில்லை.

வழி சொன்னது பாவாயி அக்கா. “கால்ல போடுங்க. அவளுக்குக் குதிகாலும்தான் வெடிச்சுக் கெடக்குது. குதிகால் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒரசாது.”

எது முதல் வேலையோ அதை அப்போதுதான் செய்தேன். இரண்டு களிம்பிலும் துளி எடுத்து அவள் முழங்கை மடிப்பில், ஒன்றுக்கு ஒரு கையாகத் தடவி, மறுநாள் வரை ஏதும் தடிக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். தடிக்கவில்லை. அதன் பிறகு இடது குதிகாலுக்கு மல்லிகை, வலது குதிகாலுக்கு ஆடு. தினமும் சாயங்காலம் பூசிவிடுவது பாவாயி அக்கா; விரலைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த காலைத் தொட வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.

அந்த ஒரு வாரம் லைன் வீடுகளில் வேறு பேச்சே இல்லை. புஷ்பத்தின் கால்கள் இரண்டும் இரண்டு கட்சியாகிவிட்டன. பூக்கால் கட்சி, ஆட்டுக்கால் கட்சி. தண்ணீர்க் குழாயடியில் அவளை நிறுத்திக் காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் குடத்தை வைக்க விட்டார்களாம். செம்மநத்தத்திலிருந்து சொந்தக்காரரைப் பார்க்க வந்த ஒருவர், விஷயம் கேட்டுவிட்டு அவளுடைய குதிகாலைப் பார்க்காமல் பஸ் ஏற மாட்டேன் என்று நின்றாராம். மணிக்கு மட்டும் வருத்தம். “எம்பட பொண்டாட்டி மொகத்தை எவனும் பாக்கறதில்லீங்க, காலைத்தான் பாக்கறானுங்க” என்று ரைட்டரிடம் முறையிட்டிருக்கிறார்.

வாரம் முடிந்து கமிட்டி மறுபடியும் கூடியபோது விற்பனையாளரும் வந்திருந்தார். புஷ்பம் இடது காலை லேசாகத் தூக்கித் தூக்கி நடந்து வந்தாள். பழம் நிறுக்கும் மேடையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினாள். வலது குதிகாலில் வெடிப்பு மூடியிருந்தது. தோல் மெழுகினாற்போல இருந்தது. இடது குதிகால், தண்ணீர் வற்றிய ஏரிபோல வெளுத்து, முன்பு நூலாக இருந்த வெடிப்பு இப்போது விரல் நகம் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. வெடிப்புக்குள் வெள்ளைப் பொடி திட்டுத் திட்டாக நின்றது.

“அந்தக் கரண்டிச் சேறுதான் இங்க நிக்குதா?” என்றார் பாவாயி அக்கா, என்னைப் பார்க்காமல்.

விற்பனையாளர் சமாளித்தார். “மேடம், எடது கால் இயல்பாவே பலவீனமான கால். வலது கால்தானே எல்லாருக்கும் ஓடியாடற கால்?”

“ஏனுங்க, எங்க மலையில கால் ரெண்டும் சேந்துதானுங்க நடக்குது. உங்க சேலத்துல ஒண்ணு ஒண்ணாப் போகுமுங்களா?” என்றார் பாவாயி அக்கா.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. ஆனால் உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அவர் கேட்டது முழுக்க அபத்தமான கேள்வி அல்ல. காலை மாற்றிப் பூசி இன்னொரு வாரம் பார்த்திருந்தால்தான் அது முழுமையான ஒப்பீடு. அதற்கு நேரமில்லை. அறுவடை முடியப் போகிறது, புஷ்பத்தின் விரல்கள் காத்திருக்கின்றன. ரைட்டர் ‘ஆட்டு மருந்து ஏற்கப்பட்டது’ என்று எழுதினார். விற்பனையாளர் டப்பாவை மூடிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

இனிதான் உண்மையான வேலை. புஷ்பத்தின் விரல்களுக்கு என் களிம்பைக் கொடுத்து, ஒரு சீட்டில் இரண்டு வரி எழுதினேன்: காலையும் மாலையும் பூசவும். விரலில் தண்ணீர் படக்கூடாது.

சீட்டை ரைட்டர் உரக்கப் படித்துக் காட்டினார். புஷ்பத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “தண்ணி படாம எப்படிங்க்கா? ஊட்டுல ரெண்டு குடும்பத்துப் பாத்தரமும் நாந்தானுங்க தொலக்கறேன்.”

பாவாயி அக்கா கொட்டகை வாசலைப் பார்த்தார். மணி அங்கே சுவரில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

“மணி, இங்க வா சாமி.”

அந்தச் ‘சாமி’யில் இருந்த அன்பைக் கேட்டே மணி பீடியைக் கீழே போட்டுவிட்டார்.

“உம்பட பொண்டாட்டி கூடை கட்டினா ரூமு. கட்டாட்டி சேலை. எது வேணும் உனக்கு?”

“ரூமுதானுங்க.”

“அப்பப் பாத்தரம் நீ தொலக்கோணும்.”

“நானா?” மணி சுற்றிலும் பார்த்தார். உதவிக்கு ஆண் என்று அங்கே இருந்தது ரைட்டர் மட்டும். ரைட்டர் தாளில் ஏதோ மும்முரமாக எழுதத் தொடங்கினார்.

“மருந்துக்கடை அம்மிணி எளுதிக் குடுத்துருக்குது. சீட்டுல இருக்குது, பாத்துக்க” என்றார் பாவாயி அக்கா, நான் சட்டமே போட்டுவிட்டது போல.

மணி துலக்கினார். தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு குழாயடியில் குந்தி உட்கார்ந்து துலக்கினார் என்றும், துண்டு போட்டிருப்பது மணிதான் என்று குழந்தைகூடச் சொல்லும் என்றும் எனக்குச் செய்தி வந்தது. அடுத்த தடவை நான் போனபோது புஷ்பம் விரல்களை விரித்துக் காட்டினாள். கணுக்களில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். மடக்கினாள், நீட்டினாள். பிப்ரவரி பாதியில் கூடை கட்டிவிட்டாள். கடைசிச் சுற்றுப் பழம் எடுக்கும்போது அவளும் வரிசையில் இருந்தாள். ரைட்டர் நிரந்தரப் பதிவில் பெயரை ஏற்றினார். கோடைக்கு முன்பே அறை கிடைத்தது. அந்தச் சேலையை என்ன செய்தாய் என்று கேட்டேன். “எங்க கொழுந்தனார் ஊட்டுக்காரி கேட்டா, குடுத்துட்டேனுங்க. கதவு இருக்குதல்லொ இப்ப” என்றாள். மணியின் தம்பிக்கு அந்த மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது.

என் களிம்புக்குப் பெயர் கிடைத்துவிட்டது என்று முதலாளி பெரிய சட்டியில் கலக்கச் சொன்னார். எஸ்டேட்டுக்குக் கொடுத்தது போக, கடையிலும் அடுக்கினோம். சந்தை நாளில் நாகலூர், கொட்டச்சேடு பக்கத்துப் பெண்கள் கூட்டமாகக் கடைக்கு வந்தார்கள். முதலாளி குல்லாவைச் சரிசெய்துகொண்டு டப்பாவை எடுத்து நீட்டினார்.

“களிம்பு வேண்டாமுங்க” என்றாள் முதலில் நின்றவள்.

“பின்னே?”

“புஷ்பத்துக்கு எளுதிக் குடுத்தாங்களாமுங்க, தண்ணி படக்கூடாதுன்னு ஒரு சீட்டு. அது மட்டும் போதுமுங்க. எங்க ஊட்டுக்காரர் பேரு போட்டே எளுதிக் குடுக்கச் சொல்லுங்க.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்தேன். விரலைப் பார்க்காமல் எழுத மாட்டேன் என்றேன். பார்த்தால், எழுதாமல் இருக்க முடியாத விரல்களாகவே எல்லாம் இருந்தன. அன்று சீட்டு நிறையப் போனது. களிம்பும் போனது, ஆனால் சீட்டுக்குத் துணையாக.

வருஷக் கடைசியில் ரைட்டர் ஆரோக்கியசாமி தன் பதிவை முடித்து வைக்க என்னிடம் வந்தார். அவர் எதையும் பாதியில் விடுகிறவர் அல்ல. ‘புஷ்பத்தின் விரல் குணமானது’ என்று எழுதி, அடுத்து ‘காரணம்’ என்று போட்டு, கோடு இழுத்துக் காலியாக வைத்திருந்தார்.

“என்னுங்க எளுதறது? களிம்புன்னு போடறதா, மணின்னு போடறதா? பாவாயி மணிங்கறா. மணி களிம்புங்கறான்.”

குதிகாலில் ஒரு காலுக்கு ஒன்று, மறுகாலுக்கு வேறொன்று என்று பார்த்தோம். அதனால் ஓரளவு சொல்ல முடிந்தது. விரல்களுக்கு ஒரே சமயத்தில் இரண்டையும் மாற்றிவிட்டோம். களிம்பும் வந்தது, தண்ணீரும் நின்றது. எந்த ஒன்றைப் பற்றியாவது நிச்சயமாகச் சொல்ல வேண்டுமானால், களிம்பு பூசியும் புருஷன் துலக்காத ஒரு வீடு வேண்டும். புருஷன் துலக்கியும் களிம்பு பூசாத இன்னொரு வீடு வேண்டும். இதை ரைட்டருக்குச் சொன்னேன். அவர் ஆர்வமாகிவிட்டார். அந்தக் குளிரிலேயே இருவருமாகத் தேடினோம்.

முதல் வகை வீடு கேட்ட இடமெல்லாம் கிடைத்தது. இரண்டாவது வகை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. துலக்குவதற்குப் புருஷன் சம்மதித்த வீட்டில் எல்லாம், அந்தப் பெண் அதே சூட்டில் களிம்பையும் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். ஆகவே காரணம் என்ற அந்தக் கோடு காலியாகவே இருக்கிறது. புஷ்பத்தின் விரலை ஆற்றியது என் களிம்பா, மணியா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.